மெரினா இல்லை, மிரீனா! - ஹார்மோன் காயிலை மாற்றும் நாளில் என்ன நடக்கும்?

கேஸ் புக்கைத் தேடி பீரோவைக் குடைந்தபோதுதான் அந்தச் சின்ன அட்டை கையில் சிக்கியது. 'பொருத்திய தேதி: பிப்ரவரி 2020. மாற்ற வேண்டியது: பிப்ரவரி 2025.' நான் அதைப் பார்த்தது ஜனவரி கடைசியில். பொங்கல் பாத்திரங்களைக் கழுவிப் பரணில் ஏற்றி முடித்திருந்த வாரம். ஐந்து வருடம் ஓடிப் போயிருந்தது. உள்ளே அப்படி ஒன்று இருக்கிறது என்பதையே நான் மறந்திருந்தேன்.

மறந்திருந்தேன் என்பதுதான் அதன் பெருமை. எனக்கு 41 வயதானபோது மாதத்தில் எட்டு, ஒன்பது நாள் ரத்தப்போக்கு இருந்தது. அலுவலக நாற்காலியில் கறுப்புத் துப்பட்டாவை விரித்துக்கொண்டுதான் உட்காருவேன். இரண்டு நாப்கின்களைச் சேர்த்து வைத்தாலும் ஒன்றரை மணி நேரம் தாங்காது. ஹீமோகுளோபின் 7.8. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஸ்கேனில் கர்ப்பப்பைச் சுவர் தடித்திருப்பது தெரிந்தது. அப்போதுதான் இந்த ஹார்மோன் காயிலைப் பொருத்தினார்கள். முதல் நான்கு மாதம் சொட்டுச் சொட்டாகப் படுத்தி எடுத்தது. பிறகு மாதவிடாய் ஒரு நாள், அரை நாள் என்று சுருங்கி, ஒரு கட்டத்தில் வருவதே நின்றது. அடுத்த வருடம் ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டது.

அக்காவுக்கு போன் போட்டேன். "மிரீனாவை மாத்தணும்க்கா."

"மெரினாவையா? பீச்சை எங்கடி மாத்துறது?"

சிரித்து முடித்ததும் அத்தை, அதாவது என் மாமியார், கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். "அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா இதென்ன ரிப்பேர் வேலை? புள்ளைங்க வளந்தாச்சு. பேசாம கர்ப்பப்பையை எடுத்துட்டா ஒரேயடியா நிம்மதி. நான் 38 வயசுல எடுத்தவதானே? நல்லாத்தானே இருக்கேன்?"

காயில் போட்டிருக்கும் பல பெண்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். முதல் முறை பட்ட வலியின் ஞாபகம் ஒரு பக்கம், 'எடுத்துட்டா நிம்மதி' என்ற குரல் இன்னொரு பக்கம். நானும் தடுமாறினேன். கடைசியில் ஒரு நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். அங்கே தெரிந்துகொண்டதையும், அந்த நாளில் எனக்கு நடந்ததையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

காப்பர்-டி வேறு, இது வேறு

இரண்டுமே ஆங்கில 'டி' எழுத்து வடிவில் இருக்கும். இரண்டையும் 'லூப்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் வேலை வேறு. காப்பர்-டியில் இருப்பது செம்பு. அது கருத்தடைக்கு மட்டும்தான். சிலருக்கு ரத்தப்போக்கை அதிகமாக்கவும் செய்யும். ஹார்மோன் காயிலில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல். மிரீனா வகையில் அது 52 மில்லிகிராம். ஆரம்பத்தில் தினமும் சுமார் 20 மைக்ரோகிராம் கசியும். வருடம் ஆக ஆக அளவு குறையும். அந்த ஹார்மோன் கர்ப்பப்பையின் உள்வரியை மெலிதாக்குகிறது. உதிர வேண்டிய வரி மெலிந்துவிட்டால் ரத்தப்போக்கும் குறைகிறது. கர்ப்பப்பை வாயில் உள்ள சளியை இது கெட்டியாக்குவதால் கருத்தடையாகவும் வேலை செய்கிறது.

5 வருடமா, 8 வருடமா?

நோட்டில் எழுதிய முதல் கேள்வி இதுதான். பதில், 'எதற்காகப் போட்டீர்கள்?' என்பதைப் பொறுத்தது.

* கருத்தடைக்கு மட்டும் என்றால், அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2022-ல் மிரீனாவுக்கு 8 வருடம் வரை அனுமதி கொடுத்திருக்கிறது.

* அதிக ரத்தப்போக்குக்கு என்றால் அங்கேயும் கணக்கு 5 வருடம்தான். அதன் பிறகும் சிகிச்சை தேவைப்பட்டால் புதியதை மாற்ற வேண்டும்.

* மெனோபாஸ் தொந்தரவுக்காக ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொண்டு, கர்ப்பப்பையின் பாதுகாப்புக்காக இதைப் பொருத்தியிருந்தால் அதற்கும் 5 வருடம்தான். இதில் தள்ளிப்போடக் கூடாது.

ஹார்மோன் காயிலிலேயே அளவு குறைந்த வேறு வகைகளும் உண்டு. அவற்றின் கால அளவு வேறு. அதனால் பக்கத்து வீட்டு அக்காவின் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் அட்டையில் எந்த வகை, எந்தத் தேதி என்று பாருங்கள். அட்டை தொலைந்திருந்தால் பொருத்திய இடத்தில் பழைய ஃபைலைக் கேளுங்கள்.

கெடு முடிவதற்குள் மீண்டும் ரத்தப்போக்கு கூடிவிட்டால், 'மருந்து தீர்ந்துபோச்சு போல' என்று நீங்களே முடிவுகட்டிவிட வேண்டாம். காயில் இடம் நகர்ந்திருக்கலாம், புதிதாக நார்க்கட்டி வந்திருக்கலாம். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு உள்வரியிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்கவும் நேரலாம். காரணம் தெரிந்த பிறகுதான் மாற்றுவதா என்ற பேச்சே.

போவதற்கு முன் ஒரு வாரம்

மாதவிடாய் வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கெடுவுக்குள் இருந்தால் எந்த நாளிலும் மாற்றலாம். எனக்கு மாதவிடாயே வராததால் இது பெரிய நிம்மதியாக இருந்தது.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. மாற்றுவதற்கு முந்தைய 7 நாட்கள் தாம்பத்தியத்தைத் தவிர்ப்பது நல்லது. அல்லது ஆணுறை வேண்டும். பழையதை எடுத்த பிறகு, ஏதோ காரணத்தால் புதியதை அன்றைக்கே பொருத்த முடியாமல் போனால் கரு தங்க வாய்ப்பு உண்டு. விந்தணுக்கள் சில நாட்கள் உள்ளே உயிரோடு இருக்கும் என்பதால்தான் இந்த எச்சரிக்கை. கெடு தாண்டிப் போயிருந்தால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் தொடுவார்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், மருந்து அலர்ஜி, ஆஸ்துமா, வயிற்றுப் புண் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோய் இருந்தாலோ, முன்பு வந்திருந்தாலோ கட்டாயம் சொல்ல வேண்டும்; அவர்களுக்கு இந்த ஹார்மோன் பொதுவாகப் பொருந்தாது. வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்படுதல், நாற்றம் இருந்தால் அதற்குச் சிகிச்சை முடிந்த பிறகுதான் மாற்றுவார்கள்.

'வெறும் வயிற்றோடு போகணுமா?' என்று கேட்டேன். மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் மட்டுமே அது. மற்றபடி சாப்பிட்டுவிட்டுப் போவதுதான் நல்லது. பசியோடு போனால் தலைசுற்றல் அதிகம். நான் மூன்று இட்லி சாப்பிட்டு, ஒரு மணி நேரம் முன்பாக டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஸ்கூட்டியை நானே ஓட்டவில்லை. அக்கா ஓட்டினார்.

வலியைப் பற்றி வெளிப்படையாக

முதல் முறை, வேறோர் இடத்தில், நான் 'ஐயோ' என்றதும் ஒருவர் சொன்னார்: "ரெண்டு புள்ளை பெத்தவங்க, இதுக்குப் போய் கத்துறீங்களே!" எனக்கு இரண்டுமே சிசேரியன். சுகப்பிரசவம் ஆகாதவர்களுக்குக் கர்ப்பப்பை வாய் இறுக்கமாக இருப்பதால் வலி கூடுதலாக இருக்கலாம் என்பது பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் வெட்கம் மட்டும்தான். ஐந்து வருடம் கழித்து அந்த அட்டையைப் பார்த்ததும் முதலில் ஞாபகத்துக்கு வந்ததும் அந்த வெட்கம்தான்.

இந்த முறை டாக்டரம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். "போன தடவை ரொம்ப வலிச்சுது மேடம். மரத்துப்போக ஏதாவது இருக்கா?"

"இருக்கும்மா. கேட்டது நல்லதாப் போச்சு" என்றார்.

லிடோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்தை ஜெல்லாகவோ ஸ்ப்ரேயாகவோ தடவலாம். கர்ப்பப்பை வாயைச் சுற்றி ஊசியாகவும் போடலாம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இந்த மருந்து வலியைக் குறைக்க உதவக்கூடும் என்றும், வலியைப் பற்றி ஒவ்வொரு பெண்ணிடமும் முன்கூட்டியே பேச வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. முன்பு மிகவும் கஷ்டப்பட்டவர்கள், பயம் அதிகம் உள்ளவர்கள், உடல் பரிசோதனை என்றாலே பழைய கசப்பு கிளறப்படுபவர்கள் லேசான மயக்கத்தில் செய்ய முடியுமா என்றும் கேட்கலாம். கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை.

அந்தப் பதினைந்து நிமிடம்

மேசையில் படுத்ததும் அடிவயிற்றை அழுத்தி, கர்ப்பப்பை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கையால் பார்த்தார்கள். பிறகு ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து விரித்து, உள்ளே மருந்தால் துடைத்தார்கள். சில்லென்று இருந்தது. மரத்துப்போகும் ஊசி சுருக்கென்று ஒரு நொடி.

வழக்கமாக அடுத்து நடப்பது இதுதான். கர்ப்பப்பை வாயிலிருந்து நீண்டிருக்கும் மெல்லிய நூல்களைக் கிடுக்கியால் பிடித்து மெதுவாக இழுப்பார்கள். காயிலின் இரண்டு கைகளும் மேல்நோக்கி மடங்கி, அது வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சில விநாடி வேலை. 'இருமுங்க' என்பார்கள், இருமும்போது இழுப்பது தெரியாது.

என் விஷயத்தில் நூலைக் காணவில்லை.

எனக்குக் கை வியர்த்துவிட்டது. டாக்டரம்மா பதறவில்லை. "நூல் மேல சுருண்டு போயிருக்கும். ஸ்கேன்ல காயில் சரியான இடத்துலதான் இருக்கு, பயப்படாதீங்க" என்றார். சின்ன பிரஷ் ஒன்றைக் கர்ப்பப்பை வாயில் சுழற்றினார். இரண்டாம் முறை நூல் இறங்கிவிட்டது. அப்படியும் வராவிட்டால் மெல்லிய கருவியை உள்ளே விட்டு எடுப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் ஹிஸ்டரோஸ்கோப்பி, அதாவது கேமரா வழியாகப் பார்த்தே எடுப்பது. அதற்கு இன்னொரு நாள் போக வேண்டியிருக்கும். நூல் தெரியாத எல்லோருக்கும் இது தேவைப்படுவதில்லை.

பழையதை எடுத்துக் காட்டினார். மூன்று சென்டிமீட்டர் சொச்சம் நீளம். இத்தனை சின்னதா என்று இருந்தது. அடுத்து, கர்ப்பப்பையின் ஆழத்தை அளக்க ஒரு மெல்லிய கம்பி போன்ற கருவி. இதுவும், புதியது உள்ளே போகும் நொடியும்தான் வலிக்கிற இடங்கள். மாதவிடாயின் மோசமான முதல் நாளில் அடிவயிற்றை முறுக்கிப் பிடிக்குமே, அப்படி ஒரு வலி இரண்டு முறை வந்தது. முதல் தடவையோடு ஒப்பிட்டால் பாதிகூட இல்லை. கடைசியில் நூலை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் விட்டு வெட்டினார்கள். முடிந்தது.

சிலருக்கு அந்த நேரத்தில் வியர்த்து, கண் இருட்டி, நாடித்துடிப்பு குறையும். உடனே சொல்லிவிட வேண்டும், படுத்திருந்தால் சரியாகிவிடும். "டக்குனு எழுந்திரிக்காதீங்கக்கா" என்று சிஸ்டர் என்னைக் கால் மணி நேரம் படுக்க வைத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்று மாலை வரை அடிவயிறு இழுத்துப் பிடித்தது. வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டேன். ராத்திரி ஒரு மாத்திரை போட்டேன். மறுநாள் அலுவலகம் போய்விட்டேன். ஆறு நாள் லேசான கறை இருந்தது. பேன்டி லைனரே போதுமாக இருந்தது. முதல் முறையைப் போல மாதக்கணக்கில் சொட்டு வரவில்லை. உள்வரி ஏற்கெனவே மெலிந்திருப்பதாலும், ஹார்மோன் இடைவெளி இல்லாமல் தொடர்வதாலும் மாற்றும்போது பெரும்பாலும் இப்படித்தான். சிலருக்குச் சில வாரங்கள் வரை விட்டுவிட்டு வரலாம்.

முதல் இரண்டு நாள் தாம்பத்தியமும், டாம்பன், மென்ஸ்ட்ருவல் கப் போன்றவையும் வேண்டாம் என்றார்கள். குளிப்பதற்குத் தடையில்லை. கப் பயன்படுத்துபவர்கள் அதை எடுக்கும்போது காற்றுப் பிடிப்பை விரலால் விடுவித்துவிட்டு எடுக்க வேண்டும். அப்படியே இழுத்தால் காயிலும் கூடவே வந்துவிடக்கூடும்.

நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஒருமுறை போய் நூலைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். காயில் தானாக வெளியே வந்துவிடும் வாய்ப்பு சுமார் 20 பேரில் ஒருவருக்கு உண்டு. கர்ப்பப்பைச் சுவரைத் துளைப்பது மிக அபூர்வம். 1,000 முறை பொருத்தினால் ஒன்று, இரண்டு.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

* காய்ச்சல், குளிர் நடுக்கம், நாற்றத்துடன் வெள்ளைப்படுதல். குறிப்பாக முதல் மூன்று வாரங்களில்.

* நாள் ஆக ஆகக் குறையாமல் கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி.

* மணிக்கொரு நாப்கின் நனையும் அளவுக்கு ரத்தப்போக்கு.

* நூல் திடீரென நீண்டிருப்பது, காணாமல் போவது, அல்லது காயிலின் கெட்டியான முனை விரலில் தட்டுப்படுவது.

* கர்ப்பப் பரிசோதனையில் இரண்டு கோடு. காயில் இருக்கும்போது கருத்தரிப்பது அபூர்வம். அப்படி நடந்தால் அது குழாயில் தங்கிய கருவாக இருக்கலாம். ஒரு பக்கமாக வலியும் மயக்கமும் சேர்ந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

'எடுத்துட்டா நிம்மதி'யா?

அத்தையின் கேள்வியையும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் கர்ப்பப்பையை எடுப்பதே தப்பு என்று சொல்லவில்லை. சிலருக்கு அதுதான் சரியான சிகிச்சை. ஆனால் காயில் நன்றாக வேலை செய்யும் ஒருவர், 'மாற்ற வேண்டியிருக்கிறதே' என்ற ஒரே காரணத்துக்காக மேஜர் ஆபரேஷனுக்குப் போக வேண்டாம் என்றார்.

ஃபின்லாந்தில் அதிக ரத்தப்போக்கு இருந்த 236 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு காயிலும் இன்னொரு பிரிவுக்கு ஆபரேஷனும் என்று ஆராய்ந்தார்கள். ஐந்து வருட முடிவு 2004-ல் வெளியானது. காயில் பிரிவில் 42 சதவிகிதம் பேர் பின்னர் ஆபரேஷனுக்குப் போனார்கள். அதாவது, காயில் எல்லோருக்கும் கை கொடுப்பதில்லை. ஆனால் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கத்தி படாமலே தப்பித்தார்கள். இரண்டு பிரிவினரின் வாழ்க்கைத் தரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. செலவு காயில் பிரிவுக்குக் குறைவு.

நம் நாட்டிலோ, தேவையில்லாமல் கர்ப்பப்பையை நீக்குவதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட வேண்டியிருந்தது. அதை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

இன்னொரு வழியும் இருக்கிறது: எடுத்துவிட்டு, புதியது போடாமல் இருப்பது. அப்படிச் செய்தால் ரத்தப்போக்கு பழையபடி திரும்பலாம், கருத்தரிக்கும் வாய்ப்பும் உடனே திரும்பும். எனக்கு இப்போது 46. 45 வயதுக்கு மேல் பொருத்திய 52 மில்லிகிராம் காயிலை, கருத்தடைக்கு மட்டும் என்றால் 55 வயது வரை விட்டுவைக்கலாம் என்பது பிரிட்டன் வழிகாட்டுதல். ரத்தப்போக்கு மட்டும் திரும்பாவிட்டால், இதுவே என் கடைசி காயிலாக இருக்கலாம்.

இதையெல்லாம் அன்று ராத்திரி அத்தையிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர், "எடுக்கும்போது சினைப்பையையும் சேத்து எடுத்தாங்களா அத்தை?" என்று நான் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"அது என்னமோ... கையெழுத்து உங்க மாமாதான் போட்டாரு. எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையே."

38 வயதில் சினைப்பைகளும் போயிருந்தால் அன்றைக்கே மெனோபாஸ் வந்திருக்கும். எலும்பு சீக்கிரமே பலமிழக்கும், இதய நோய்க்கான வாய்ப்பும் கூடும். போன வருடம் குளியலறையில் லேசாக வழுக்கியதற்கே அத்தைக்கு மணிக்கட்டு உடைந்தது. வயசானா அப்படித்தான் என்று நாங்கள் எல்லோரும் விட்டுவிட்டோம்.

மறுநாள் காலை என் புது அட்டையை போனில் படம் எடுத்துக்கொண்டு, தேதியை காலண்டர் ஆப்பிலும் குறித்துவைத்தேன். இனி கேஸ் புக்கை நம்புவதாக இல்லை. திரும்பிப் பார்த்தால், அத்தை கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தார். பழுப்பேறிய ஒரு ஃபைலை எடுத்துத் தூசு தட்டினார்.

"ஆறு வாரம் கழிச்சு நூல் பார்க்கப் போவேன்னியே, அந்த டாக்டரம்மாகிட்ட நானும் ஒரு தடவை வர்றேன். எனக்கு என்ன எடுத்தாங்கன்னு கேட்டுக்குவோம்."